ஆட்சி சரிந்த விதம்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



கொஸ்லாந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்த தோட்டத்தை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, மலை இடிந்து லயன்களை மூடியது. திடீர் அனர்த்தம் என்றே பலரும் சொன்னோம். உண்மையில் அது திடீரென்று வந்ததன்று. அந்த நிலம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மழைநீர் மண்ணுக்குள் நெடுநாள் ஊறிக்கொண்டிருந்தது. இடிந்த நேரம் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆட்சிகள் சரிவதும் பெரும்பாலும் இவ்விதமே. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷவின் ஆட்சி சரிந்ததை இவ்வாரம் ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. வாக்கில் பிறந்த தனியதிகாரம்

எதேச்சாதிகாரம் எப்போதும் துப்பாக்கி முனையில் வருவதில்லை. வாக்குப் பெட்டி வழியாகவும் வருவதுண்டு. 2019 உயிர்த்த ஞாயிறன்று ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சத்தின் நடுவே, “பாதுகாப்புத் தருவேன்” என்று வந்தவரை அதே ஆண்டு நவம்பரில் 69 இலட்சம் பேர் ஜனாதிபதியாகத் தெரிவு செய்தனர். 2020 அக்டோபரில் 20ஆம் திருத்தச் சட்டம் 156 வாக்குகளால் நிறைவேறியது. அதிகாரம் ஒரு கதிரையில் குவிந்தது. படை அதிகாரிகள் சிவில் பதவிகளில் அமர்த்தப்பட்டனர். கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் உறவினரின் கண்ணீரையும் பொருட்படுத்தாது எரிக்கப்பட்டன. அன்று நாம் எத்தனை பேர் அதற்காக வாய் திறந்தோம்?

தனியதிகாரத்தின் முதற் குறை, அதற்குக் காது இல்லாமற் போவதே. வேண்டாதது எதுவும் மேலே போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும் கேட்கப்படாது.

2. மண்ணில் விழுந்த வெடிப்புகள்

முதல் வெடிப்பு வரிக் குறைப்பு. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது. அரசின் வருமானம் சுருங்கியது. கடன் பெருகியது. கொவிட் வந்ததும் உல்லாசப் பயணத்துறை படுத்தது.

இரண்டாவது வெடிப்பை நம் தோட்டங்களே நேரில் கண்டன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதுதான்; ஆயினும் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரே போகத்தில் செய்ய முடியுமா? அவ்வாண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்திருந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவளவுக்கு வீழ்ந்தது. தேயிலை குறைந்தால் டொலர் குறையும். டொலர் குறைந்தால் டீசலும் மருந்தும் வாரா. மகியங்கனையின் நெல் விவசாயியும், வெலிமடையின் மரக்கறித் தோட்டக்காரரும், கொழுந்து குறைந்த மலையில் நின்ற நம் தாய்மாரும் ஒரே கட்டளையால் அடிபட்டனர்.

3. சரிந்த நாட்கள்

2022 மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டின் முன் மக்கள் திரண்டனர். ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் இளைஞர் கூடாரமிட்டனர். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி ஐந்து கோடி டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சரே சொன்னார். மே 9இல் போராட்டக்காரர் தாக்கப்பட்டனர். அன்றே பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தனர். 13ஆம் திகதி விடியுமுன் ஜனாதிபதி விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குச் சென்றார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாக் கடிதம் வந்தது. 69 இலட்சம் வாக்கு மூன்றாண்டு முடியுமுன்னே கரைந்தது.

அந்தத் திடலில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒன்றாய் நின்றனர். அருட்தந்தை ஜீவந்த பீரிஸ் போன்ற குருக்களும் துறவியரும் உடன் நின்றனர். உயிர்த்த ஞாயிறுப் படுகொலைக்கு நீதி கேட்கும் குரலும் அங்கே ஒலித்தது.

4. லயன் வாசலில் என்ன மாறியது?

இங்கேதான் நாம் நிதானமாய் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்சியாளர் போனார், பசி போகவில்லை. 2021இல் போராடிப் பெற்ற நாட்சம்பளம் 1000 ரூபா. அன்று டொலர் 200 ரூபா. ஆகவே அது ஐந்து டொலர். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது, அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைந்துவிட்டது. எவரும் சம்பளத்தை வெட்டவில்லை. ஆனால் சம்பளம் வெட்டுப்பட்டது. கொழுந்து குறைந்த மலையில் நிறை எட்டாதவருக்கு அரைப் பேர் விழுந்தது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது ஆகஸ்டில், அதாவது ஜனாதிபதி ஓடிய பின்னர்! ரொட்டிக்கு மா வாங்கப் பணமின்றிப் பல வீடுகளில் ஒரு வேளை அடுப்பு எரியவில்லை.

பழைய பாராளுமன்றமே ஜூலை 20இல் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. இரு நாட்களில் படையினர் திடலைக் கலைத்தனர். 2023இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர்களும் உயரதிகாரிகள் சிலரும் பொறுப்பு என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லது, ஆனால் இழந்த வேளைச் சோற்றை அது திருப்பித் தரவில்லை.

5. அயல்நாடுகளில்

ஒரு வீட்டின் சுவர் விழுந்தால் அடுத்த வீடும் அதிரும். 2022 மார்ச்சிலேயே மன்னார்ப் பக்கத்திலிருந்து சிலர் படகேறித் தனுஷ்கோடியில் கரையிறங்கினர். இந்தியா அவ்வாண்டு ஏறக்குறைய 400 கோடி டொலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. 2024 ஆகஸ்ட் 5இல் வங்காளதேசத்தில் ஷேக் ஹசீனா இந்தியாவுக்குத் தப்பினார். அதைத் தொடர்ந்த நாட்களில் அங்கே சிறுபான்மையினரின் வீடுகள் தாக்கப்பட்டன. 2025 செப்டெம்பரில் நேபாளப் பிரதமர் ஒலி பதவி விலகினார். ஆட்சி விழுந்து, சட்டம் காவலின்றிக் கிடக்கும் நாட்களில் முதலில் அடிபடுபவர் எளியவரே.

6. நமக்கான பாடம்

நம் முன்னோர் 1947இல் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளை அனுப்பினர். மறுவருடமே பெரும்பான்மை வாக்கால் நிறைவேறிய சட்டம் அவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. ஆகவே பெரும்பான்மை என்பதொன்றே நீதியாகிவிடாது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் என்னும் மலையகப் பெண் பாராளுமன்றம் சென்றார். வாக்கின் மதிப்பு அது. எனினும், ஆளை மாற்றுவதோடு நம் கடமை தீர்ந்தது என்றிருந்தால் மறுபடியும் ஏமாறுவோம்.

மீரியபெத்தவில் மலை சரிந்து பத்தே வாரத்தில், 2015 ஜனவரியில், ஓர் ஆட்சி தேர்தலில் வீழ்ந்தது. அதன்பின் ஆட்சிகள் பல மாறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மலைகள் சரிந்தன. மீண்டும் எளியவரே புதையுண்டனர். பாதுகாப்பான ஒரு துண்டு நிலம், நேரத்தோடு வந்து கேட்கப்படும் எச்சரிக்கை, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அதிகாரி: இவை கிடைக்கும்போதே ஆட்சி மாறியதென்று சொல்லலாம்.

குடும்பமாய்ச் சிந்திக்க:

1. நம் வீட்டில் அச்சத்தினாலோ சலுகைக்காகவோ வாக்களித்ததுண்டா?

2. அயலவரின் உரிமை பறிபோனபோது நாம் மௌனமாயிருந்தோமா?

3. நம் லயனுக்கு மேலேயுள்ள மலையில் வெடிப்பு உண்டா? உண்டெனில் யாரிடம், எப்போது எழுத்தில் அறிவித்தோம்?

மூன்றாவது கேள்விக்கு மட்டுமாவது இந்த வாரமே விடை தேடுவோம்.