மின்வண்டிக்குப் பின் பிறந்த நீராவி எஞ்சின்

முதலில் நீராவி, அடுத்து டீசல், கடைசியாக மின்சாரம் என்ற வரிசையிலேயே இருப்புப்பாதை வரலாற்றை நாம் படித்து வருகிறோம். தாம்பரத்தில் இந்த வரிசை செல்லாது. கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதையில் 1931-ஆம் ஆண்டே மின்சார ரயில் ஓடியது. இந்திய மீட்டர் பாதைகளுள் முதன்முதலில் மின்மயமானது அதுவே. ஒய்.பி. என்னும் நீராவி எஞ்சின் வகை பிறந்ததோ அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1949-இல்!

பெயரில் ஒய் என்பது மீட்டர் பாதையையும், பி என்பது பயணி வண்டியையும் குறிக்கும். இதன் உடன்பிறப்பான ஒய்.ஜி. சரக்கு வண்டிக்கு உரியது. முதல் இருபது ஒய்.பி. எஞ்சின்களை அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கட்டித் தந்தது. பின்னர் ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் கட்டினார்கள். ஆயினும் மொத்தம் 871-இல் பாதிக்கு மேற்பட்டவை ஜாம்ஷெட்பூரில் டெல்கோ தொழிற்சாலையில் உருவானவை.

இதன் அமைப்பைக் கவனித்தால் நம் நாட்டின் நிலைமையே அதில் தெரியும். மீட்டர் பாதையின் தண்டவாளம் மெல்லியது. ஓர் அச்சின்மீது ஏறக்குறைய பத்தரை டன்னுக்கு மேல் பாரம் ஏற்ற இயலாது. எனவே முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு இயக்குசக்கரங்கள், பின்னே இரண்டு என்று பாரத்தைப் பகிர்ந்தனர். பின்னிரண்டு சக்கரங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. நம் நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அதை எரித்துப் போதிய நீராவி பெற அகன்ற அடுப்பு வேண்டும். பெரிய இயக்குசக்கரங்களுக்கு இடையே அகன்ற அடுப்பை வைக்க இடமேது? அவற்றுக்குப் பின்னால், சிறிய சக்கரங்களின் மேலே அதை அமைத்தனர். ஒய்.பி.யின் சிறப்பு இந்த அடுப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

சிறுவர்கள் பாடும் 'குப் குப்' ஒலிக்கும் கணக்கு உண்டு. எஞ்சினில் இரண்டு உருளைகள். சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் ஒவ்வோர் உருளையும் இருமுறை நீராவியை வெளியேற்றும். ஆக நான்கு 'குப்'. சக்கரத்தின் விட்டம் 1,372 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 4.3 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகமென்றால் நொடிக்கு 20 மீட்டர். வகுத்துப் பார்த்தால் நொடிக்குப் பதினெட்டுக்கு மேற்பட்ட 'குப்' வரும். புறப்படும்போது எண்ண முடிந்த ஒலி, ஓட்டத்தில் ஒரே இரைச்சலாகிவிடுவது இதனால்தான்.

மின்சாரம் கைக்கு வந்த பின்னும் நீராவிக்குப் புதிய எஞ்சின் எதற்கு? விடை செலவில் இருக்கிறது. நாளைக்குப் பத்து வண்டி ஓடினாலும் நூறு வண்டி ஓடினாலும் கம்பமும் கம்பியும் துணைமின்நிலையமும் வேண்டும். மாம்பலம், கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் என்று அடிக்கடி நின்று கூட்டத்தை ஏற்றும் பாதையில் அந்த முதலீடு பலன் தரும். நின்று நின்று கிளம்புவதிலும் மின்வண்டியே விரைவானது. தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகள் குறைவு, தொலைவோ அதிகம். ஆதலால் மின்கம்பி தாம்பரத்தோடு நின்றது. அது விழுப்புரத்தை எட்ட 1965 ஆயிற்று. இடைப்பட்ட முப்பத்துநான்கு ஆண்டுகளும் தாம்பரம் மின்பாதையின் எல்லையாகவே இருந்தது.

அதன் பிறகும் ஒய்.பி. மறைந்துவிடவில்லை. விழுப்புரத்துக்குத் தெற்கே அதற்கு வேலை இருந்தது. 1970 வரை புதிய எஞ்சின்களும் வந்துகொண்டிருந்தன. வகையின் கடைசி எஞ்சின் வெளிவந்தபோது தாம்பரத்தில் மின்வண்டிக்கு வயது முப்பத்தொன்பது.

2004 ஜூலையில் தாம்பரம் புறநகர்ப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டிகளும் நின்றன. இன்று அங்குள்ள தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஒய்.பி.யின் சக்கரங்களுக்கு வேண்டியது 1,000 மில்லிமீட்டர் பாதை. காட்சிக்கு வைத்திருக்கும் எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்தாலும், அதை நிறுத்தி வைக்கத் தாம்பரத்தில் தண்டவாளம் இல்லை.