பார்மட் கடைசி மருந்து!



பழைய கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் சொல்வது, "பார்மட் போட்டுடலாம்". நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் என் அக்காவுக்கு நேர்ந்த நஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் விண்டோஸ் 7 போட்ட டெஸ்க்டாப் ஒன்று உண்டு. டியூஷன் எடுக்கும் அக்கா நான்கு வருஷமாகத் தயாரித்த வினாத்தாள்கள் அதில்தான் இருந்தன. ஒருநாள் விண்டோஸ் லோகோ வந்ததும் நீலத்திரை, 7பி என்று முடியும் பிழை எண், உடனே ரீஸ்டார்ட். நான் பென் டிரைவைச் சொருகி, டிஸ்க் முழுவதையும் பார்மட் செய்து புதிதாகப் போட்டேன். ஓடியது! "என் கொஸ்டின் பேப்பர்லாம் எங்கடா?" என்று அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஆன் செய்தால் தேதி 2009 என்று காட்டியது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துபோய், பயாஸ் தன் செட்டிங்கை மறந்திருந்தது. டிஸ்க்கை ஏ.எச்.சி.ஐ. முறையிலிருந்து ஐ.டி.இ. முறைக்கு மாற்றிவிட்டது. முந்தைய முறையில் போடப்பட்ட விண்டோஸுக்கு டிஸ்க் அகப்படவில்லை. அவ்வளவுதான். புது பேட்டரியும் பயாஸில் ஒரு வரி மாற்றமும் போதுமாயிருந்தது.

ஆகவே, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

1. திரையில் ஒன்றுமே வரவில்லை: இது ஆபரேட்டிங் சிஸ்டம் கோளாறே அல்ல. பவரை எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் காலை ரப்பரால் துடைத்து மாட்டுங்கள். பீப் ஒலியைக் கவனியுங்கள்.

2. "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் பவுண்ட்": பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் கேபிளைப் பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையைப் பாருங்கள். பழைய பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, 2 பைட் அடையாளம். யு.இ.எஃப்.ஐ. வேறு விதம். தனிப் பார்ட்டிஷனில் உள்ள துவக்கக் கோப்பைத் தேடும். ஒரு முறையில் போட்டதை மற்ற முறையில் எழுப்பினால் பொதுவாக எழும்பாது.

3. "கிரப் ரெஸ்க்யூ": லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தாலோ நகர்த்தினாலோ வரும். மற்றப் பார்ட்டிஷன்களில் உள்ள பைல்கள் இதனால் போய்விடாது. லினக்ஸ் அப்படியே இருந்தால் லைவ் பென் டிரைவில் ஏறி கிரப்பை மட்டும் மறுபடி நிறுவலாம்.

4. லோகோ வந்து நிற்கிறது: சேஃப் மோட், டிஸ்க் முறை, ரேம் சோதனை என்று வரிசையாகப் போங்கள். தேதி தவறாக இருந்தால் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட் காட்டும்.

புதிதாகப் போடத்தான் வேண்டுமென்றால், பிராசஸர் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட்டில் 64 பிட் சிஸ்டம் ஏறாது. பழைய பயாஸுக்குப் பென் டிரைவை எம்.பி.ஆர். முறையில் தயார் செய்யுங்கள். டவுன்லோடு செய்த பைலின் செக்சம் சரிபாருங்கள். பைல் கெட்டிருந்தால் இன்ஸ்டலேஷன் பாதியில் நிற்கும்.

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 கேட்கும், பழைய மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அவற்றுக்கு லினக்ஸ்தான் வழி. நம் நாட்டு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸுக்கும் அடிப்படை டெபியன்தான். ஆனால் 2025-இல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் மெஷினில் நேரடியாக நிறுவ முடியாது. 2023-இல் வந்த டெபியன் 12 வரை முடியும்.

எதைச் செய்தாலும், அதற்கு முன் லைவ் லினக்ஸில் ஏறி, பைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாததால், இப்போது தினமும் சாயங்காலம் அக்கா சொல்லச் சொல்ல, அந்த வினாத்தாள்களை நான் மறுபடி டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்!