ஆறில்லாத் தீவு

நுழையுமுன்

பொன்முடி மலைச்சாரலில் உருண்டைக் கற்களினூடே பாயும் கல்லாறு, வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து அரபிக்கடலை அடைகிறது. அதன் கரையில் வாழ்வோர்க்கு நன்னீர் கண்முன்னே ஓடுகிறது. ஆறே இல்லாத, நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த ஒரு தீவில் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? அறிவோம், வாருங்கள்.

தீவும் நகரமும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்தது இராமேசுவரம் தீவு. அதன் வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. தீவின் பெரிய ஊர் இராமேசுவரம் நகராட்சி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 44,856 பேர் வாழ்ந்தனர். இராமநாதசுவாமி திருக்கோயிலின் நெடிய பிரகாரங்களும், உள்ளே அமைந்த 22 தீர்த்தங்களும் புகழ்பெற்றவை. குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1931ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்தார்.

சிற்றூர்கள்

தீவின் நுழைவாயில் பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட இரயில் பாலம் இதனை நிலப்பகுதியோடு இணைத்தது. 1988இல் சாலைப் பாலம் வந்தது. 2025இல், நடுப்பகுதி மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய இரயில் பாலம் திறக்கப்பட்டது. அடுத்துள்ள தங்கச்சிமடத்தில் மீன்பிடித்தலோடு மல்லிகை நாற்று வளர்ப்பும் தொழிலாகும். அம்மணலில் வேர்விட்ட நாற்றுகள் வெளியூர்த் தோட்டங்களில் பூக்கின்றன.

தீவின் தென்கிழக்கு முனை தனுஷ்கோடி. இங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் சென்ற காலமும் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலும் எழுந்த பேரலையும் ஊரை அழித்தன. பயணிகளோடு வந்த இரயிலும் கடலுள் மூழ்கியது. பாம்பன் பாலமும் சிதைந்தது. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடியோ, மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அறிவிக்கப்பட்டது. எனினும் மீனவக் குடும்பங்கள் சில திரும்பி வந்து, அங்கே குடிசை அமைத்து வாழ்கின்றன.

மணல் காக்கும் நீர்

அவர்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து கிடைக்கிறது? கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, மணலைக் கையால் தோண்டுகின்றனர். சிறிது நேரத்தில் நன்னீர் ஊறுகிறது. மழைநீர் மணலுள் இறங்கித் தேங்குகிறது. உப்புநீரைவிட எடை குறைந்ததாதலால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மிக ஆழமாகத் தோண்டினாலும், அளவின்றி இறைத்தாலும் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். எனவே எவ்வளவு தோண்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை அறிந்திருத்தல் இத்தீவில் உயிர் காக்கும் அறிவாகும். பள்ளத்தில் ஊறும் நீரைச் சிரட்டையால் மெல்ல முகந்து குடத்தை நிரப்பும் கைகளுக்கு அந்த அளவு தெரியும்.

சொல்லும் பொருளும்

நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட குறுகிய கடல்
பிரகாரம் – கோயிலின் சுற்று வழி
சிரட்டை – கொட்டாங்கச்சி

சிந்தித்து எழுதுக

1. உப்புநீரின்மேல் நன்னீர் நிற்பதற்குக் காரணம் என்ன?
2. தனுஷ்கோடி மீனவர்கள் திரும்பி வந்ததற்குக் காரணம் யாதாக இருக்கலாம்?
3. உம் பெற்றோரின் சொந்த ஊரில் குடிநீர் எங்கிருந்து கிடைத்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.