குன்றின் மேல் ஒரு கோட்டை

பின்வரும் பயணக் கட்டுரையை வாசித்திடுக.

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தமிழ்மொழிக் கழகம் பேரா மாநிலத்திற்குக் கல்விச் சுற்றுலா ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. நாங்கள் பார்க்கவிருந்த இடம் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லிஸ் கோட்டை. சிம்பாங் ரெங்கத்திலிருந்து அங்குச் செல்ல 400 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்ய வேண்டும். எனவே, பேருந்து இரவிலேயே புறப்பட்டது.

என்னை வழியனுப்ப வந்த பாட்டி, உணவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, “எங்க கண்ணு போறீங்க?” என்று கேட்டார்.

“கோட்டை பார்க்கப் போறோம் பாட்டி. ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டினதாம்.”

“துரையா கட்டுனாரு?” என்று சொல்லிவிட்டுப் பாட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

பொழுது விடிந்தபோது பேருந்து பேரா மாநிலத்திற்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் சாலையின் இருபுறமும் செம்பனை மரங்களையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, செங்குத்தாக எழுந்து நின்ற சுண்ணாம்புக்கல் மலைகள் வியப்பைத் தந்தன. ஆசிரியர் எழுந்து நின்று, மூன்று படங்கள் அச்சிட்ட தாளை எங்களுக்கு வழங்கினார்.

முதல் படத்தில், அடர்ந்த காட்டின் நடுவே ஒரு மலையுச்சியில் சிவந்த கல்லால் ஆன கோட்டை நின்றது. “இது ஜெர்மனியில் உள்ள திரிஃபெல்ஸ் கோட்டை. இந்த வட்டாரத்தின் மலைகளில் காடுகள்; மலையடிவாரங்களில் திராட்சைத் தோட்டங்கள். காட்டுக்குள் குன்றுக்குக் குன்று இடிந்த கோட்டைகளைக் காணலாம். இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1193-ஆம் ஆண்டில் இந்தத் திரிஃபெல்ஸ் கோட்டையில்தான் சிறை வைக்கப்பட்டிருந்தார். பெருந்தொகை கொடுத்த பிறகே அவர் விடுதலை பெற்றார்” என்றார் ஆசிரியர்.

இரண்டாவது படம் தமிழ்நாட்டின் செஞ்சிக் கோட்டை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதில்கள் இணைக்கின்றன. 1690-ஆம் ஆண்டில் முற்றுகையிட்ட முகலாயப் படை, 1698-ஆம் ஆண்டில்தான் அதைக் கைப்பற்ற முடிந்தது. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே.

“திருக்குறளில் ‘அரண்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகிய நான்கும் அமைந்ததே நல்ல அரண் என்கிறார் வள்ளுவர். இந்த இரண்டு கோட்டைகளும் அந்த இலக்கணத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள். பிறகு மூன்றாவது படத்தில் உள்ள கெல்லிஸ் கோட்டையை நேரில் பார்த்து, அதுவும் பொருந்துகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள். இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொருவரும் அங்கு எழும் ஒரே ஒரு கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்” என்றார் ஆசிரியர்.

கோப்பேங் நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது. பேருந்திலிருந்து இறங்கி, ராயா ஆற்றின் மேல் அமைந்த பாலத்தைக் கடந்தோம். எதிரே சிறு குன்றின் மீது, செங்கற்கள் வெளியே தெரிய நின்றது அந்தக் கட்டடம். ஆறு இருக்கிறது, குன்று இருக்கிறது, ஒரு காலத்தில் சுற்றிலும் காடும் இருந்திருக்கிறது. ஆனால், மதில் இல்லை; அகழி இல்லை; பகைவர் மீது அம்பு எய்யும் துளைகளும் இல்லை. மாறாக, காற்றும் வெளிச்சமும் தாராளமாக நுழையும் பெரிய சன்னல்களும் வளைவுகளும் இருந்தன.

“ஐயா, இது அரண் இல்லை. வீடு!” என்றாள் என் தோழி.

“சரியாகச் சொன்னாய். போருக்காகக் கட்டினால் கோட்டை. வாழ்வதற்காகக் கட்டினால் மாளிகை. இதன் தோற்றத்தைப் பார்த்து மக்கள் கோட்டை என்று அழைத்தார்கள். பெயரும் நிலைத்துவிட்டது” என்றார் ஆசிரியர்.

இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஓர் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். முதலில் நில அளவை நிறுவனம் ஒன்றில் வேலை செய்தார். பேராவில் காடுகளை அழித்துச் சாலை அமைக்கும் பணிகளில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். பின்னர், கிந்தா வட்டாரத்தில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் காட்டை வாங்கி இரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். தம் சொந்த ஊரின் நினைவாகத் தோட்டத்துக்குக் ‘கிந்தா கெல்லாஸ்’ என்று பெயரிட்டார்.

அவர் முதலில் கட்டிய வீட்டின் எஞ்சிய பகுதிகள் இன்றும் மாளிகைக்குப் பின்புறம் நிற்கின்றன. 1915-ஆம் ஆண்டில் மகன் பிறந்ததும், இன்னும் பெரிய மாளிகையைக் கட்டத் திட்டமிட்டார். அதற்காகச் சென்னை மாகாணத்திலிருந்து சுமார் 70 தொழிலாளர்களை வரவழைத்தார் என்றும் செங்கற்களும் சலவைக்கற்களும் கடல் கடந்து வந்தன என்றும் கூறப்படுகிறது.

நாங்கள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே சென்றோம். குதிரை இலாட வடிவிலான வளைவுகள் வடஆப்பிரிக்கக் கட்டடக் கலையை நினைவூட்டின. சதுரக் கோபுரம் ஸ்காட்லாந்து மாளிகைகளைப் போல இருந்தது. நிலத்துக்கு அடியில் திராட்சை மதுவைச் சேமிக்க ஓர் அறை இருந்தது. திராட்சையே விளையாத கிந்தா வட்டாரத்தில் அப்படி ஓர் அறையைக் கட்டியவருக்குத் தம் நாட்டு ஞாபகம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆறு அடுக்குக் கோபுரத்தில், மின்தூக்கிக்காக விடப்பட்ட ஆழமான வெற்றிடத்தைப் பார்த்தோம். கட்டி முடித்திருந்தால், மலாயாவின் முதல் மின்தூக்கியாக அது இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள். ஆனால், அது வரவே இல்லை. 1926-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டுக்குச் சென்றிருந்த ஸ்மித், லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. அவருடைய துணைவியார் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். கட்டுமானம் நின்றது, காடு மீண்டும் மெல்ல மெல்லச் சுவர்களின் மீது ஏறியது.

மொட்டை மாடியில் நின்றபோது, சுற்றிலும் பசுமை மட்டுமே தெரிந்தது. நான் குறிப்பேட்டைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அருகிலிருந்த சுவரைத் தொட்டேன். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கற்கள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருந்தன. நூறு ஆண்டு மழையும் வெயிலும் அந்த வரிசையைக் கலைக்கவில்லை. புறப்படும்போது பாட்டி கேட்ட கேள்வி சட்டென்று நினைவுக்கு வந்தது. ‘துரையா கட்டினார்?’

“ஐயா, இந்தச் செங்கல்லை அடுக்கியவர்களின் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா?” என்று கேட்டேன்.

ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. “வா, இன்னோர் இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்றார்.

பேருந்து எங்களை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றது. மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1918-ஆம் ஆண்டில் உலகையே உலுக்கிய ‘ஸ்பானியக் காய்ச்சல்’ இங்கும் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள், தங்களைக் காக்க மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று ஸ்மித்திடம் கேட்டனர். அவரும் இசைந்து உதவினார். அதற்கு நன்றியாக, கோயிலின் மேலே உள்ள சிலைகளுக்கிடையே அவருடைய உருவத்தையும் தொழிலாளர்கள் அமைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நிமிர்ந்து பார்த்தோம். தெய்வ உருவங்களுக்கு நடுவே, வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார்!

எங்களுள் சிலர் சிரித்தனர். ஆசிரியரும் புன்னகைத்தார். பிறகு, அமைதியான குரலில் பேசினார்.

“ஸ்மித் தொழிலாளர்களுக்கு ஒரு கோயில் தந்தார். தொழிலாளர்கள் அவருக்கு ஒரு சிலை தந்தார்கள். அவருடைய பெயர் மாளிகைக்கும் உண்டு, தோட்டத்துக்கும் உண்டு. காய்ச்சலில் இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கல் எதையும் நாம் இன்று பார்க்கவில்லை. செஞ்சியிலும் அப்படித்தான். முற்றுகையிட்ட தளபதிகளின் பெயர்கள் நமக்குத் தெரியும்; மலையுச்சிக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் தெரியாது. திரிஃபெல்ஸ் கோட்டையில் சிறையிருந்த மன்னரை உலகம் அறியும். அந்தக் கல்லைச் செதுக்கியவரை யார் அறிவார்? இடிபாடுகளைப் பார்க்கும்போது, யார் ஆண்டார்கள் என்று மட்டும் கேட்டால் வரலாற்றில் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம்.”

“அப்படியானால் மீதிப் பாதியை எங்கே படிப்பது, ஐயா?”

“செங்கல்லில் கொஞ்சம் படிக்கலாம், இந்தக் கோயிலில் கொஞ்சம் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் படிக்கலாம்” என்றார் ஆசிரியர்.

திரும்பும் வழியில் அவர் மேலும் விளக்கினார். மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அந்த முறை 1910-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த முறையுடன் கங்காணி முறையும் நடைமுறையில் இருந்தது. தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் வேலைக்கு அழைத்து வருவார். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதித்ததும் அந்த வருகையும் நின்றது. காட்டை அழித்ததும் இரப்பர் நட்டதும் சாலையும் தண்டவாளமும் போட்டதும் அப்படி வந்தவர்கள்தாம்.

மறுநாள் மாலை பாட்டியின் அருகில் அமர்ந்து, கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். கோயிலின் மேலிருந்த தொப்பிக்காரரைப் பார்த்துப் பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

“பாட்டி, அன்னைக்கு ‘துரையா கட்டுனாரு’ன்னு ஏன் கேட்டீங்க?”

பாட்டி சற்று நேரம் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கப்பாவைக் கங்காணிதான் கூட்டிக்கிட்டு வந்தாரு. அப்போ அவருக்குப் பதினாறு வயசு. இந்தப் பக்கமெல்லாம் காடு. மரத்த வெட்டி, எரிச்சு, குழி தோண்டிப் பால்மரம் நட்டாங்க. தோட்டத்துக்குப் பேரு மட்டும் துரை பேரு. எங்கப்பா கையப் பார்த்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும் கண்ணு. தோலு மரப்பட்ட மாதிரி இருக்கும்.”

“அவங்க பேரு என்ன பாட்டி?”

பாட்டி சொன்னார். அந்தப் பெயரை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அது! உடனே குறிப்பேட்டில் எழுதினேன். அவருடன் ஒரே கப்பலில் வந்தவர்கள் யார் என்று கேட்டேன். பாட்டி விரல்விட்டு எண்ணினார். இருவரின் பெயர்களைச் சொன்னார். மூன்றாமவரின் பெயர் நினைவுக்கு வரவில்லை.

“நல்லாப் பாடுவாரு. லயத்து வாசல்ல உட்கார்ந்து அவரு பாடுனா, பிள்ளைங்க எல்லாம் தூங்காம கேட்டுக்கிட்டு இருப்போம். பேருதான்... வாயில நிக்குது, வரமாட்டேங்குது.”

“பரவாயில்ல பாட்டி. நினைவு வரும்போது சொல்லுங்க.”

கெல்லிஸ் கோட்டையின் மொட்டை மாடியில் வெறுமையாக விட்டுவந்த அந்தப் பக்கத்தில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. நான்காவது வரியில், ‘நன்றாகப் பாடுவார்’ என்று மட்டும் எழுதி, பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். பாட்டியின் தோழி ஒருவர் குளுவாங்கில் இருக்கிறார். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். அடுத்த வாரம் பாட்டியை அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன்.

சிந்தித்து விடை எழுதுக

1. கெல்லிஸ் கோட்டை உண்மையில் ஓர் அரண் அன்று என்பதற்குக் கட்டுரையில் காணப்படும் மூன்று சான்றுகளைக் குறிப்பிடுக.

2. மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டதற்கான காரணத்தை உன் சொந்த வாக்கியத்தில் எழுதுக.

3. ‘துரையா கட்டுனாரு?’ என்ற பாட்டியின் கேள்வியில் அடங்கியுள்ள கருத்து யாது?

4. ‘வரலாற்றில் பாதியைத்தான் படித்தவர்கள் ஆவோம்’ என்று ஆசிரியர் கூறியதன் பொருளை விளக்குக. இக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணத்துடன் எழுதுக.

5. உன் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரை நேர்காணல் செய்க. அவர் நினைவிலுள்ள முன்னோர்களின் பெயர்கள், ஊர், செய்த தொழில் ஆகியவற்றைத் திரட்டி, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படைத்திடுக.