திருவீதியும் இசைப்பள்ளியும்

எம்பெருமான் புறப்பாட்டின்போது கோபுர வாசலில் முதற்கண் எழுவது மல்லாரி. கம்பீர நாட்டை இராகத்தில், சாகித்தியமின்றி, தவிலின் சொற்கட்டோடு நடப்பது அது. தேருக்கும் தீர்த்தத்திற்கும் தளிகைக்கும் தனித்தனி மல்லாரிகள் உள்ளன. வழக்கம் அறிந்தோர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே சந்நிதியில் நடப்பதை உணர்வர்.

இதனை வாசிப்போர் எவ்வாறு உருவாகின்றனர்?

நாதமுனிகள் திவ்யப் பிரபந்தத்திற்குத் தேவகானத்தில் இசை வகுத்து, மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தருளினார் என்று குருபரம்பரை கூறும். மாணாக்கர் இருவரே, ஆயினும் அரையர் சேவை அவ்வழியே வந்ததென்பர். நாதஸ்வரமும் குடும்பங்களிலும் குருகுலத்திலுமே வளர்ந்தது. சீடன் ஆசிரியர் இல்லத்தில் தங்கி, அவருக்கு ஒத்து ஊதியும் தாளம் போட்டும் பல்லாண்டு கேட்ட பின்னரே தானாக வாசிக்கத் துணிவான். இன்று ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி கொண்டுவிட்டதால், அவ்வாறு கேட்டுப் பழகும் வாய்ப்பும் குறைந்தது.

குடும்ப வழி தளர்ந்த நிலையில் அரசு இசைப்பள்ளிகள் இப்பொறுப்பை ஏற்றன. 1949ல் சென்னையில் இசைக் கல்லூரி தோன்றியது. 1997 முதல் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் தொடங்கப்பெற்றுப் பதினேழாயின. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம் முதலிய ஏழு பிரிவுகளில் மூன்றாண்டுப் பயிற்சி தரப்படுகிறது. எக்குலத்தவரும், பெண்களும், சேர்ந்து பயில்வது பெரும்பேறே.

எனினும் மூன்றாண்டு சிறிது காலம். நாதஸ்வரத்தில் விரல் மட்டும் சுரத்தைத் தருவதில்லை. சீவாளியை உதடு பற்றும் அழுத்தமும் மூச்சின் அளவுமே கமகத்தை உண்டாக்குகின்றன. தவிலில் வலக்கை விரல்கள் கூடு அணிந்தும் இடக்கை கோல் பிடித்தும் வெவ்வேறு வேலை செய்யவேண்டும். இவற்றை வகுப்பில் கற்பிக்கலாம். நள்ளிரவு வீதியில் தவிலைத் தோளில் சுமந்து நடந்து, மண்டகப்படி நிற்குமிடத்தில் இராகத்தை விரித்து, பல்லக்கு எழுந்தவுடன் முடிக்கும் பக்குவம் வீதியில் மட்டுமே வாய்க்கும்.

வீதியோ அம்மாணவர்க்கு எளிதில் கிட்டுவதில்லை. சிறிய கோயில்கள் பலவற்றில் தீபாராதனைக்கு ஒலிப்பது மின்சார முரசு. அதற்குக் காலையும் ஒன்றே, மாலையும் ஒன்றே. திருவிழாவுக்கு மட்டும் மேளம் அமர்த்தினால், பட்டயம் பெற்ற இளைஞர் திருமண முகூர்த்தங்களை நம்பியே வாழவேண்டும். அங்கே மல்லாரிக்கு ஏது வேலை? சாயரட்சை ஒருவேளைக்கேனும் ஊதியம் தந்து அவரை வாசிக்க அழைக்கும் சந்நிதிகளில்தான், பள்ளியில் முற்றுப்பெறாத பாடம் தொடர்ந்து நடைபெறுகிறது.