வால்வு வானொலி வாய் திறந்தது

வானொலி என்றால் கைப்பேசிக்குள் அடங்கிவிட்ட ஒரு வசதி என்றே நம்மில் பலர் கருதுகிறோம். ஆனால் திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பெற்ற 1939 முதல் டிரான்சிஸ்டர் பரவும் வரையில் நம் தஞ்சைத் தரணியில் பாடியவையும் பேசியவையும் வால்வு வானொலிகளே. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பட்டுக்கோட்டைக்குக் கொண்டுவந்தவையும் அவையே. அத்தகைய பெட்டி ஒன்றைச் சீர்செய்து நான் கற்றவற்றை, இதில் புதிதாக இறங்கும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பெட்டி ஐந்து வால்வு கொண்டது. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் தென்னையோடு கூரை ஓடும் போயிற்று. பரண்மேல் இருந்த பெட்டி நனைந்தது. பின்னர்ப் பல ஆண்டுகள் மூலையில் கிடந்தது. எடைக்குப் போடலாம் என்றனர் வீட்டார். தாத்தா சம்மதிக்கவில்லை. கோடை விடுமுறைக்குள் பாடினால் இருக்கட்டும், இல்லையேல் போகட்டும் என்று முடிவாயிற்று.

எடுத்தவுடன் சுவிட்சைப் போடுவது கூடாது. “தம்பி, பாடுதான்னு பாக்குற ஆசைதான் பாதி செட்டைக் கொன்னுச்சு” என்றார், முன்பு ரேடியோ கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர். நெடுநாள் உறங்கிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் மின்காப்புப் படலம் சிதைந்திருக்கும். முழு மின்னழுத்தம் பாய்ந்தால் அது குறுக்குச்சுற்றாகும். அதன் வழியே மின்மாற்றி எரியும். வால்வு தேடினால் கிடைக்கும். அளவொத்த மின்மாற்றி கிடைப்பது அரிது. ஆகவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு மங்கினால் நலம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துக.

அதற்கும் முன்னதாக வால்வின் மேலுள்ள எழுத்துகளைப் படியுங்கள். ஈ.சி.எச். 81, ஈ.எப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80 என்பவை எங்கள் பெட்டியில் இருந்தவை. முதலெழுத்து ஈ என்றால் இழைக்கு 6.3 வோல்ட். எல் என்றால் ஒலிபெருக்கியை இயக்கும் பென்டோடு. இசட் என்றால் முழு அலைத் திருத்தி. எண்ணின் முதல் இலக்கம் 8 என்பது ஒன்பது கால் அடித்தளத்தைக் குறிக்கும். எத்துணைச் சிக்கனமான இலக்கணம்! முதலெழுத்து யு என்று இருந்தால் மட்டும் எச்சரிக்கை: அவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் மின்மாற்றி இராது, சேசிஸ் நேரே மின்கம்பியோடு தொடர்புற்றிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஈ வகையிலும், அணைத்த பிறகு மின்தேக்கிகளில் 250 வோல்ட் அளவு தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம் மின்தடை வழியே அதை இறக்கி, மீட்டரால் சரிபார்த்த பின்பே கை வைக்க வேண்டும்.

எலக்ட்ரோலிட்டிக்குகளை மாற்றியதும் உறுமல் நின்றது. குரல் மட்டும் அடைத்துக்கொண்டு வந்தது. ஈ.எல். 84-இன் 2-ஆம் காலில், அதாவது கிரிட்டில், நேர் மின்னழுத்தம் இருக்கலாகாது. எங்கள் பெட்டியில் 14 வோல்ட் நின்றது! முந்தைய வால்வின் நேர்மின்வாயிலிருந்து இங்கே ஒலியை மட்டும் கடத்த வேண்டிய 0.01 மைக்ரோ பாரட் மெழுகுக் காகித மின்தேக்கி, ஈரம் குடித்து நேர்மின்னோட்டத்தையும் கசியவிட்டிருந்தது. இப்படியே விட்டால் வால்வு சிவந்து மாளும். சில ரூபாய் விலையுள்ள புதிய பாலியெஸ்டர் மின்தேக்கி வைத்ததும் மீட்டர் சுழிக்கு வந்தது. புதியவர்கள் முதலில் ஐயுற வேண்டிய உறுப்பு இதுவே என்பேன். அன்றிரவு பெட்டி தெளிவாகப் பேசிற்று. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒலி சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று தகரக் கூட்டுக்குள் இருக்கும் சுருள்களின் மையத் திருகைத் தொடாதீர்கள். திருச்சியின் 936 கிலோ ஹெர்ட்ஸ் அலையைப் பெறப் பெட்டிக்குள்ளேயே 1391 கிலோ ஹெர்ட்ஸ் அலை பிறக்கிறது; இரண்டின் வேறுபாடான 455-ஐயே அச்சுருள்கள் வடித்தெடுக்கின்றன. சிக்னல் ஜெனரேட்டர் இன்றி அவற்றைத் திருகினால் எல்லா நிலையமும் மங்கும். அதைவிட, வெளியே பத்து மீட்டர் கம்பியை ஏரியலாகக் கட்டி, வீட்டு எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதி இரைச்சல் கூடத்து விளக்கு ஒன்றிலிருந்தே வந்துகொண்டிருந்தது.