விர்ச்சுவல் மெஷின் திறக்கவில்லையா? அழிக்கும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் வைத்துக்கொண்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் விண்டோஸையும் ஓட்டுகிறார்கள். ஒரு வீட்டுக்குள் இன்னொரு குடித்தனம் வைத்ததுபோல. கல்லூரி ப்ராஜெக்ட் மட்டுமல்ல, வாப்பாவின் கடைக்கணக்கை டேலியில் எழுதுவதும் சில வீடுகளில் அந்த விண்டோஸில்தான். ஒருநாள் 'ஸ்டார்ட்' அழுத்தினால் அது திறக்காமல் எரர் பெட்டி மட்டும் வரும். உடனே அந்த மெஷினை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடத் தோன்றும். நீக்கும்போது 'எல்லா ஃபைல்களையும் அழிக்கவா' என்றும் கேட்கும். ஆம் என்றால் கணக்கும் போயிற்று, ப்ராஜெக்ட்டும் போயிற்று.

ஆகவே முதல் வேலை காப்பி எடுப்பது. ஹோம் ஃபோல்டரில் 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்றொரு ஃபோல்டர் வழக்கமாக இருக்கும். அதை முழுதாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். ஃபேட்32 முறையில் உள்ள பென்டிரைவ் இதற்கு ஆகாது; 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது.

பிறகு எரரைப் படியுங்கள். படிக்காமலே 'ஓகே' அழுத்தி மூடிவிடுவதுதான் நம்மில் பலருக்கும் வழக்கம். மொபைலில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு' என்று வந்தால், அண்மையில் உபுண்டு அப்டேட் ஆனதா என்று யோசியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்கு கெர்னலோடு சேரும் ஒரு மாட்யூல் தேவை. கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த மாட்யூலும் புதிதாக உருவாக வேண்டும். புதிய கெர்னலுக்கான ஹெட்டர் பேக்கேஜும் டிகேஎம்எஸ்ஸும் இல்லாவிட்டால் அது உருவாகாது. அவற்றை இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறுநாள் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும், நேரமில்லை என்றால், ஆன் செய்யும்போது க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய வேலை நடந்துவிடும்.

மாட்யூல் உருவாகியும் ஏறவில்லையா? செக்யூர் பூட் தடுத்திருக்கலாம். இன்ஸ்டால் செய்யும்போது உபுண்டு ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அங்கே 'என்ரோல் மோக்' தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைக் கண்டதும் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து தாண்டிப் போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விடி-எக்ஸ் பற்றிய எரர் என்றால் இரண்டில் ஒன்று. 'டிஸேபிள்டு' என்றிருந்தால் பயாஸுக்குள் சென்று இன்டெல் லேப்டாப்பில் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி'யை ஆன் செய்யுங்கள். ஏஎம்டியில் அதன் பெயர் 'எஸ்விஎம்'. வேறொரு ஹைப்பர்வைசர் பயன்படுத்துகிறது என்றிருந்தால், லினக்ஸின் சொந்த கேவிஎம் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. கெர்னல் 6.12 முதல் இது அதிகம் தென்படும். கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டால் வழி கிடைக்கும்.

லேப்டாப்பின் டிஸ்க் நிரம்பியிருந்தாலும் மெஷின் நின்றுபோகும். தேவையற்ற வீடியோக்களை நீக்கிப் பாருங்கள். 'சேவ்டு ஸ்டேட்'டில் நின்ற மெஷின் எழவில்லை என்றால் 'டிஸ்கார்ட்' கொடுக்கலாம். கரண்ட் போனதுபோல, சேவ் செய்யாத வேலை மட்டும் போகும், டிஸ்க்கில் உள்ளது இருக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் அந்த மெஷினின் ஃபோல்டரில் 'லாக்ஸ்' என்பதற்குள் இருக்கும் ஃபைலையும் எரர் படத்தையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அவர் எடுத்த எடுப்பில் ஃபார்மேட் செய்யச் சொன்னால், வேறொருவரிடம் கேளுங்கள்.